மோனோவா, ஸ்டீரியோவா? சுப்ரபாதத்தையும் ‘பிரியா’வையும் முன்வைத்து ஒரு பாடபேத நோக்கு

முன்னுரை

பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றை இணையத்தில் தேடினால் அதே பாட்டின் பத்து வடிவங்கள் வந்து நிற்கின்றன. ‘ஒரிஜினல்’ என்று ஒன்று, ‘ஸ்டீரியோ’ என்று ஒன்று, ‘ரீமாஸ்டர்’, ‘5.1’, ‘8டி’ என்று மேலும் சில. பாடகர் ஒருவரே, மெட்டும் ஒன்றே. ஆனால் ஒன்றில் குரல் முன்னால் நிற்கிறது. இன்னொன்றில் தபேலா முன்னால் நிற்கிறது. வேறொன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பெரும்பாலோர் சத்தம் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்துகொள்கிறார்கள். ‘ஸ்டீரியோ’ என்று எழுதியிருந்தால் அது மேலானது என்றும், ‘மோனோ’ என்றால் பழையது, குறையுள்ளது என்றும் ஓர் எண்ணம் பரவலாக உள்ளது.

இலக்கியத்தில் இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழர் நன்கு அறிவர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஏட்டுக்கு ஏடு மாறும் சொல்லைப் பாடபேதம் என்கிறோம். பிற்காலத்தார் நுழைத்ததை இடைச்செருகல் என்கிறோம். எந்த ஏடு அழகாக இருக்கிறது என்பதைவிட எந்த ஏடு ஆசிரியருக்கு அருகில் இருக்கிறது என்பதே பதிப்பாசிரியரின் முதல் கேள்வி.

அதே கேள்வியை இசைத்தட்டுகளிடம் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடி 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம். மற்றொன்று, இளையராஜா இசையில் 1978இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்கள். முன்னது மோனோவில் பிறந்தது. பின்னது தமிழ்த் திரையிசையில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவானதாகக் குறிப்பிடப்படுவது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. மோனோ உயர்ந்ததா, ஸ்டீரியோ உயர்ந்ததா என்று கேட்பதில் பயனில்லை. ஓர் இசையின் அமைப்புக்கு எது பொருந்துகிறது, அதை ஆக்கியவர்கள் எதைக் கேட்டு ‘சரி’ என்றார்கள் என்றே கேட்க வேண்டும்.

இரண்டு சொற்களின் பொருள்

மோனோ என்பது ஒற்றைத்தடப் பதிவு. பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு ஒரு மைக் என்று எத்தனை வைத்தாலும் எல்லா ஒலியும் கடைசியில் ஒரே தடத்தில் கலந்துவிடும். இரண்டு ஸ்பீக்கரில் போட்டாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான் வரும். ஸ்டீரியோ என்பது இரட்டைத்தடப் பதிவு. இடத் தடத்தில் உள்ளதும் வலத் தடத்தில் உள்ளதும் வேறு வேறு. இரண்டிலும் சமமாக உள்ள ஒலி நடுவில் நிற்பதுபோல் காதுக்குத் தோன்றும். ஒன்றில் கூடுதலாக உள்ளது அந்தப் பக்கம் நகர்ந்து தோன்றும்.

இதை ஒரு வீட்டு வாசலாக எண்ணிப் பார்க்கலாம். மோனோவில் வாசல் ஒன்றே. எல்லாரும் அதன் வழியே வரவேண்டும். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை மட்டும் உண்டு. ஸ்டீரியோவில் திண்ணையும் உண்டு. சிலர் இடப்பக்கம் உட்காரலாம், சிலர் வலப்பக்கம் உட்காரலாம். மோனோவில் அருகு, தொலைவு என்ற ஓர் அளவு இருக்கிறது. ஸ்டீரியோவில் அதனுடன் அகலமும் சேர்கிறது.

இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் ஸ்டீரியோ எல்.பி. தட்டுகள் பெரிய அளவில் கடைக்கு வந்தது 1958இல்தான். தட்டின் பள்ளம் ‘வி’ வடிவில் இருக்கும். அதன் ஒரு சுவரில் இடத் தடமும் மறு சுவரில் வலத் தடமும் எழுதப்படும். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும். ஸ்டீரியோ தட்டில் மேலும் கீழுமாகவும் அசையும். அந்த மேல்கீழ் அசைவில்தான் இரு தடங்களுக்கும் உள்ள வேறுபாடு பொதிந்திருக்கிறது.

சுப்ரபாதம்: ஒன்றாகிவிட்ட இரு குரல்கள்

வெங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணா. சுப்ரபாதம் 29 சுலோகங்கள், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என மொத்தம் 70 சுலோகங்கள் இதில் உள்ளன. தொடக்கச் சுலோகம் வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் எம்.எஸ். அவர்களோடு சேர்ந்து பாடியவர் மகள் ராதா விஸ்வநாதன். தாள வாத்தியம் இல்லை. சுருதியும் குரலும்தான் பதிவின் முழு உடைமை.

இந்தப் பதிவைப் பற்றிப் பேசும் பலர் ‘எம்.எஸ். குரல்’ என்று ஒருமையில் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பாடுபவர் இருவர். ஆனால் நம் காதில் விழுவது ஒரு குரல்தான். தனியாள் குரலைவிடச் சற்றே தடித்த, உடல் கூடிய ஒரு குரல். இதற்கு முதற்காரணம் பல ஆண்டுகள் மேடையில் சேர்ந்து பாடிய பழக்கம். இருவரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கிறார்கள். வல்லின மெய்களை ஒரே கணத்தில் தொடுகிறார்கள். இரண்டாவது காரணம் மோனோ. இரு குரலும் ஒரே வாசல் வழியாக வருவதால், எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கக் காதுக்கு வழியில்லை. இடம் ஒன்றாகிவிட்டால் ஆளும் ஒன்றாகிவிடுகிறார்.

இதே பாட்டை, ஒரு குரலை இடப்புறமும் மறு குரலை வலப்புறமும் வைத்து ஸ்டீரியோவாகப் பதிந்திருந்தால் என்ன ஆகும்? காது உடனே ஒப்பிடத் தொடங்கிவிடும். யார் அரைக்கணம் முந்தினார், யார் குரல் கனமானது என்று கவனம் பாடகர்கள்மேல் போகும். சுப்ரபாதம் ஒரு துயிலெழுப்புதல். எழுப்புகிற குரலுக்கும் எழுப்பப்படுகிற தெய்வத்துக்கும் நடுவில் வேறெதுவும் இல்லாமல் இருப்பதே அதன் அழகு. அந்த நேர்க்கோட்டை அகலப்படுத்தினால் அது கச்சேரியாகிவிடும். சுருதியும் அப்படித்தான். ஸ்டீரியோவில் தம்புராவை ஏதாவது ஒரு பக்கம் உட்கார வைக்கலாம். மோனோவில் அதற்குப் பக்கம் கிடையாது. குரலுக்கு அடியில் தரையாக இருக்கிறது.

இன்னொரு வலிமையும் இந்தப் பதிவுக்கு உண்டு. எதில் போட்டாலும் அது குறைவதில்லை. பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துக் கோயில்களில் விடியற்காலையில் கட்டிய புனல் ஒலிபெருக்கியிலும், டீக்கடை ரேடியோவிலும், கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரிலும் பாட்டின் சமநிலை மாறாமல் வந்து சேர்கிறது. ஒலியின் தரம் கூடலாம், குறையலாம். குரலுக்கும் சுருதிக்கும் உள்ள விகிதம் 1963இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிர்ணயித்தபடியே இருக்கிறது. தலைமுறைகள் கடந்தும் இந்தப் பதிவு ஒரே வடிவில் நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இருக்கையே கலவையாக இருந்த காலம்

மோனோ என்பதைத் தொழில்நுட்பக் குறைவாக மட்டும் பார்ப்பவர்கள் 1950, 1960களின் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் கூடிப் பதிவு செய்தார்கள். மைக்குகள் குறைவு. உரத்த வாத்தியத்தைத் தள்ளி உட்கார வைத்தும், மென்மையானதை அருகில் கொண்டுவந்தும் ஒலிச் சமநிலையை அமைத்தார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாததால், திருத்தம் முழுவதும் முன்கூட்டியே இசையமைப்புக்குள் நடந்தது.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாடல்களைக் கூர்ந்து கேட்டால் இது விளங்கும். பாடகர் பாடும்போது குழலோ வயலினோ பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். அடி முடிந்ததும் ஒரு சிறு பதில் சொல்லும். இடையிசையில்தான் வாத்தியங்கள் முன்வந்து பேசும். முறை வைத்துப் பேசும் இந்த அமைப்புக்கு அகலம் தேவைப்படவில்லை. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் வட இந்திய வாத்தியங்களும் சேர்ந்து குழு பெரிதாக இருந்தது. அப்போதும் சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.சௌந்தரராஜன் போன்றோரின் சொற்கள் ஓரெழுத்து மங்காமல் வருகின்றன. ஒரே வாசல்தான் என்று தெரிந்தே வரிசையை அமைத்தவர்களின் கைத்திறன் அது.

‘பிரியா’: அகலம் தேவைப்பட்ட இசை

சுஜாதாவின் கதையைத் தழுவி, எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில், ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்து 1978 டிசம்பரில் வந்த படம் ‘பிரியா’. பாடல்கள் பஞ்சு அருணாசலம். பாடியவர்கள் கே.ஜே.ஏசுதாஸ், பி.சுசீலா, எஸ்.ஜானகி, ஜென்சி. கதையின் பெரும்பகுதி சிங்கப்பூரில் நடப்பது. புதிய ஊர், புதிய காட்சி; அதற்கேற்பப் புதிய ஒலி.

1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜாவின் இசை, முந்தைய தலைமுறையின் இசையிலிருந்து அமைப்பிலேயே வேறுபட்டது. அவர் இசையில் பல மெட்டுகள் ஒரே நேரத்தில் நடக்கும். பாடகர் ஒரு வழியில் போவார். பேஸ் கிட்டார் தனக்கென ஒரு மெட்டை வாசிக்கும். வயலின் குழு மூன்றாவது வழியில் ஏறி இறங்கும். இவை ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக் காத்திருப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. மேற்கத்திய இசையில் கவுண்டர்பாயிண்ட் எனப்படும் முறையை அவர் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

இத்தகைய இசையை ஒரே வாசல் வழியாக அனுப்பினால் நெரிசல் ஏற்படும். குரலின் சுருதிப் பரப்பும் கிட்டார், வயலின், கீபோர்டு ஆகியவற்றின் சுருதிப் பரப்பும் பெருமளவு ஒன்றோடொன்று மேற்படிகின்றன. ஒரே இடத்திலிருந்து வந்தால் உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடும். அவற்றை இடம், நடு, வலம் எனப் பரப்பினால் அந்த மறைப்பு குறைகிறது. சத்தத்தைக் கூட்டாமலே ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கிறது. சந்தையில் இரண்டு பக்கமும் ஆட்கள் பேசும்போதும் நாம் எதிரில் நிற்பவரின் பேச்சைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான். திசை வேறானால் காது பிரித்துக்கொள்ளும்.

ஆகவே ‘பிரியா’வுக்கு ஸ்டீரியோ என்பது விளம்பரத்துக்காகச் சூட்டிய கிரீடம் அன்று. அந்த இசையமைப்பு கேட்டு வாங்கிக்கொண்ட இடம். சுப்ரபாதத்தில் இரு குரல்கள் ஒன்றாக வேண்டும். அதற்கு ஒரு வாசல் உதவியது. இங்கே பல மெட்டுகள் தனித்து நிற்க வேண்டும். அதற்குத் திண்ணை தேவைப்பட்டது.

‘பிரியா’வை மோனோவில் கேட்ட தமிழ்நாடு

ஆனால் வரலாறு இவ்வளவு நேராகப் போகவில்லை. 1978இல் ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. திரையரங்குகளில் பெரும்பாலானவை ஒற்றைத்தட ஒலியிலேயே ஓடின. விவித் பாரதியும் இலங்கை வானொலியும் மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஒலிபரப்பியது மோனோவாகத்தான் வந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் அப்படியே. தமிழில் ஸ்டீரியோவில் பிறந்த பாட்டுகளை மிகப் பெரும்பாலான தமிழர் மோனோவில்தான் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். பின்னர் கேசட் காலம் வந்து, ரெக்கார்டிங் சென்டர்களில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்துகொண்ட 1980களில்தான், டீக்கடையிலும் பஸ்ஸிலும் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டி இந்த அகலத்தைப் பலர் முதன்முதலாகக் கேட்டனர்.

இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அகலம் மட்டுமன்று. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இரு தடங்களையும் கூட்டி மோனோவாக்கும்போது, இரண்டிலும் சமமாக உள்ள நடு ஒலி இருமடங்காகக் கூடுகிறது. ஒரு பக்கம் மட்டும் உள்ள ஒலிக்கு அந்தக் கூடுதல் இல்லை. இரண்டு ஸ்பீக்கர் வைத்து அறையில் கேட்கும் நிலையோடு ஒப்பிட்டால், நடுவில் உள்ள ஒலி ஓரத்து ஒலியைவிட ஏறத்தாழ 3 டெசிபல் முன்னே வந்துவிடும். பாடகர் குரலை நடுவில் வைப்பதே பொதுவழக்கம் என்பதால், ஸ்டீரியோவில் வாத்தியங்களுக்கு நடுவே நிற்கும் குரல், மோனோவில் வாத்தியங்களுக்கு முன்னே வந்து நிற்கிறது. இன்னொன்றும் நேரலாம். இரு தடங்களிலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அசையும் ஒலி ஏதேனும் இருந்தால், கூட்டும்போது அது அழிந்தே போகும்.

எனவே ‘பிரியா’வுக்கு உண்மையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஏசுதாஸ் குரல் இசையின் பகுதி. மற்றொன்றில் அது இசையின் தலைவன். மூலபாடம் எது என்று கேட்டால், ஒலிப்பதிவு எந்த முறையில் அமைக்கப்பட்டதோ அந்த ஸ்டீரியோ எல்.பி.தான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆயினும் மற்றதைத் தள்ளிவிட முடியாது. சொல்லுக்குக் காது கொடுத்த, பாட்டு வரிகளை நோட்டில் எழுதிவைத்த ஒரு தலைமுறைக்குக் குரல் முன்னால் நின்ற அந்த வடிவம்தான் ‘பிரியா’. உரையாசிரியர் குறிப்பிட்டுக் காக்கும் பாடபேதம்போல, இதுவும் குறித்து வைக்கத்தக்கது.

பின்னால் பிறந்த ஸ்டீரியோ

இதுவரை சொன்ன இரண்டும் நேர்மையான வடிவங்கள். ஒன்று மோனோவாகவே பிறந்தது. மற்றது ஸ்டீரியோவாகவே பிறந்து மோனோவாகவும் கேட்கப்பட்டது. மூன்றாவது ஒரு வகை உண்டு. மோனோவாகப் பிறந்ததைப் பிறகு ஸ்டீரியோவாக்குவது. இங்கேதான் இடைச்செருகல் நுழைகிறது.

இதன் பழைய முறை அமெரிக்காவில் தோன்றியது. கேபிடல் நிறுவனம் 1960களில் ‘டியோஃபோனிக்’ என்ற பெயரில் மோனோ பதிவுகளை எடுத்து, ஒரு பக்கம் கீச்சொலியையும் மறுபக்கம் கனத்த ஒலியையும் கூட்டி, சிறு கால இடைவெளியும் சேர்த்து ஸ்டீரியோ என விற்றது. குரல் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் கலங்கித் தெரியும். இந்தியாவில் பின்னர் வந்த ‘ரிவைவல்’ வகைப் பதிவுகளில் பழைய பாட்டின்மேல் புதிய தாளத்தை ஏற்றினார்கள். இன்று மென்பொருள் கொண்டு குரலையும் வாத்தியத்தையும் பிரித்து, விருப்பம்போல் பரப்புகிறார்கள். கருவி மாறியிருக்கிறது; செயல் ஒன்றுதான்.

மூலத்தை ஆக்கியவரே முன்னின்று செய்தால்? இதற்கு ‘முகல்-எ-ஆசம்’ நல்ல சான்று. 1960இல் வந்த அப்படத்தை 2004இல் வண்ணமாக்கி வெளியிட்டபோது, பாடகர்களின் பழைய குரலை வைத்துக்கொண்டு வாத்திய இசையைப் புதிதாகப் பதிந்தார்கள். இசையமைப்பாளர் நௌஷாத் அப்போது உயிருடன் இருந்தார்; உத்தம் சிங் துணையோடு அப்பணி நடந்தது. உரிமை உள்ளவர் செய்த திருத்தம் என்பதால் இதை இடைச்செருகல் என்று சொல்ல முடியாது. ஆசிரியரே செய்த மறுபதிப்பு. ஆயினும் லதா மங்கேஷ்கரின் குரல் 1960இன் காற்றில் இருக்கிறது. வாத்தியங்கள் 2004இன் காற்றில் இருக்கின்றன. அன்று குரலும் வாத்தியமும் ஒன்றின் மூச்சைக் கேட்டு ஒன்று நடந்தன. அந்த உறவைப் புதிய குழு எவ்வளவு திறமையாக வாசித்தாலும் முழுதும் திரும்பத் தர இயலாது.

மேற்கில் இதைவிடக் கூர்மையான ஒரு சான்று உண்டு. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ 1966இல் மோனோவாக வந்தது. அதை ஆக்கிய பிரையன் வில்சனுக்கு வலக்காது கேட்காது. ஒரு காதால் கேட்டு, ஒரே தடத்தில் பல குரல்களை அடுக்கிக் கட்டிய இசை அது. மூல நாடாக்களை ஒன்றோடொன்று பொருத்தி 1997இல் அதன் உண்மையான ஸ்டீரியோ வடிவம் வெளிவந்தது. குரல்கள் தெளிவாகப் பிரிந்தன, பலரும் வியந்தனர். ஆனால் முதல் பாட்டின் நடுப்பகுதியில், மோனோவில் மைக் லவ் பாடிய இடத்தில் ஸ்டீரியோவில் பிரையன் வில்சன் குரல் கேட்டது. பழைய கலவையின்போது கடைசியில் சேர்த்த குரல் தனி நாடாவில் கிடைக்காததே காரணம். ஆசிரியரின் ஒப்புதலோடு, மூல ஏடுகளைக் கொண்டு செய்த பதிப்பிலேயே ஒரு பாடகர் விடுபட்டுப் போகிறார் என்றால், மூல நாடா எதுவும் இல்லாமல் இணையத்திலிருந்து எடுத்த ஒரு கோப்பைப் பிரித்துச் செய்யும் ‘ஸ்டீரியோ’வில் எவ்வளவு விடுபடும், எவ்வளவு புகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு காது, ஒரு இயர்போன்

இது இசை வல்லுநர்களின் தகராறு மட்டுமன்று. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் இரண்டு மாணவிகள் ஒரு இயர்போனைப் பகிர்ந்துகொண்டு பாட்டுக் கேட்பதை அடிக்கடி பார்க்கலாம். மோனோ பாட்டாக இருந்தால் இருவருக்கும் முழுப் பாட்டுக் கிடைக்கும். ஸ்டீரியோவாக இருந்தால் ஒருவருக்கு இடப்பாதி, மற்றவருக்கு வலப்பாதி. பீட்டில்ஸின் தொடக்ககால ஸ்டீரியோ தட்டுகளில் குரல்கள் பெரும்பாலும் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமும் இருக்கும். அதை இப்படிப் பகிர்ந்தால் ஒருத்திக்குப் பாட்டு, மற்றவளுக்குத் தாளம். இருவரும் ஒரே பாட்டைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

வயது ஏற ஏற ஒரு காதில் கேட்கும் திறன் குறைவது நம் வீடுகளில் காணாததன்று. பிறவியிலேயே ஒரு காது கேளாத குழந்தைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டீரியோ என்பது பாதி அடைத்த கதவு. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ‘அணுகல்தன்மை’ அமைப்புகளுக்குள் மோனோ ஒலிக்கான பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரு தடங்களும் கூடி இரு பக்கமும் வரும். முன்னர் சொன்னபடி சமநிலை சிறிது மாறும். ஆனால் ஒரு வாத்தியமும் வெளியே நிற்காது. இந்தப் பொத்தான் இருப்பது பல பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிவதில்லை.

மாணவர் செய்து பார்க்க

ஒரு பாட்டு உண்மையில் மோனோவா ஸ்டீரியோவா என்பதை அறியத் தலைப்பை நம்ப வேண்டியதில்லை. முதலில் இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக் கேட்கவும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது மோனோ.

இன்னும் உறுதியாக அறிய ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டைத் திறந்து இரு தடங்களையும் பிரிக்கவும். ஒன்றைத் தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கலக்கவும். முழு அமைதி கிடைத்தால் இரு தடங்களும் ஒன்றே. ‘ஸ்டீரியோ’ என்று எழுதியிருந்தாலும் அது மோனோதான். குரல் மட்டும் மறைந்து ஓரத்து வாத்தியங்கள் எஞ்சினால், குரலை நடுவில் வைத்துச் செய்த உண்மையான ஸ்டீரியோ அது. குரலும் வாத்தியமும் மெலிந்து, தகர டப்பாவுக்குள் இருப்பதுபோல் எல்லாமே எஞ்சினால், மோனோவைப் பின்னாளில் விரித்த வடிவமோ என்று ஐயுறலாம். சுருக்கிய கோப்புகளில் சிறு இரைச்சல் மிஞ்சும். அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒப்பிடும்போது இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சத்தம் கூடியதைத் தெளிவு கூடியதாக எண்ணுவது காதின் இயல்பு. விடைத்தாளில் கையெழுத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது போன்றது அது.

முடிவுரை

சுப்ரபாதம் மோனோவாகவே இருக்கட்டும். அதை விரிப்பவர்கள் அதன் உயிரான ஒருமையைக் கலைக்கிறார்கள். ‘பிரியா’வை ஒருமுறையாவது இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து ஸ்டீரியோவில் கேட்க வேண்டும். அதை மோனோவில் மட்டும் அறிந்தவர்கள் குரலை அறிந்திருக்கிறார்கள். இசையமைப்பை இன்னும் முழுதாக அறியவில்லை. இரண்டு தீர்ப்புக்கும் அளவுகோல் ஒன்றே.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இன்று பெரும்பாக்கத்தில்தான் இயங்குகிறது. பழந்தமிழ் நூல்கள் 41க்கும் செம்பதிப்பு என்பது அதன் திட்டங்களுள் ஒன்று. இருநூறு அடி நூலுக்கு ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்கிற மரபு நம்முடையது. அறுபது ஆண்டுக்குள் பிறந்த பாட்டுகளுக்கு அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும். இணையத்தில் பழைய பாட்டைப் பற்றி எழுதுவோரும் பதிவேற்றுவோரும் நான்கு செய்திகளைச் சேர்த்து எழுதலாம்: முதலில் வெளியான ஆண்டு, எடுத்த மூலம் தட்டா, கேசட்டா, குறுந்தகடா என்பது, மோனோவா ஸ்டீரியோவா என்பது, பின்னாளில் எதுவும் சேர்த்திருந்தால் அந்த விவரம். எழுத இரண்டு நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டால், இன்னும் இருபது ஆண்டுகளில் எது பாடியவர் குரல், எது மென்பொருளின் கைவரிசை என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள். ஏடுகள் செல்லரித்துப் போனதற்குக் கரையானைக் குறை சொன்னோம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது.